பாம்புக்கு வேர்க்காது

கத்திரி வெயில் காலத்துல நமக்கு ஆயிரம் வழி இருக்கு. விசிறி, மோர், நுங்கு, ராத்திரிக்கு மொட்டைமாடி, வசதி இருந்தா ஏசி. இது ஒண்ணுமே இல்லேன்னாலும் உடம்பு தானா வேர்த்துக் கொட்டி, அந்த வேர்வை காயும்போது கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோயிடும். பாம்புக்கு அந்தக் கொடுப்பினை கூட கிடையாது. அதன் தோலில் வியர்வைச் சுரப்பி இல்லை. சூடு தாங்கலேன்னா அதுக்குத் தெரிந்த வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான்: இடத்தை விட்டு நகர்ந்து போறது.

அப்படி நகர்ந்து போக முடியாதபடி அதைப் பெட்டியிலோ கூண்டிலோ வெச்சுட்டா? அங்கேதான் இந்தப் பதிவு ஆரம்பிக்குது. பாம்பை உயிரோட வெச்சுக்கணும்னு நினைச்ச மனுஷங்க, வெப்பம்ங்கற விஷயத்தை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்க, எப்படித் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு ஒரு சின்ன வரலாறு. லண்டனில் தொடங்கி நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் முடியும். கொஞ்சம் நீளம்தான். டீ ஒண்ணு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

(டிஸ்கி: இது பாம்பு வளர்ப்புக்கான வழிகாட்டி அல்ல. நல்ல பாம்போ சாரையோ மலைப்பாம்போ, நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படிச்சுட்டு யாரும் தோட்டத்துப் பக்கம் போய்த் தேடாதீங்க!)

*

முதல் குழப்பம் பேரிலேயே இருக்கு. பள்ளிக்கூடத்தில் "குளிர் ரத்தப் பிராணி"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அதைக் கேட்டவுடனே பாம்பு ரத்தம் ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்கும்னு ஒரு கற்பனை வந்துடும். இன்னொரு கோஷ்டி, "தனக்குன்னு சூடு இல்லாததால்தானே வெயில்ல வந்து படுத்துக்குது, அப்போ அதுக்கு எவ்வளவு வெயில் இருந்தாலும் நல்லது"ன்னு நினைச்சுக்கும். ரெண்டுமே சரியில்லை. மதிய வெயிலில் திரியற பாம்பின் ரத்தம் நம்ம ரத்தம் அளவுக்கே சூடா இருக்கலாம். வித்தியாசம் என்னன்னா, நமக்கு அடுப்பு உள்ளே எரியுது. பாம்புக்கு அடுப்பு வெளியே இருக்கு. கிட்டப் போயும் எட்டப் போயும்தான் அது தன் சூட்டைச் சரி பண்ணிக்கணும்.

பெரும்பாலான பாம்புகளுக்கு உடம்புச் சூடு ஏறக்குறைய 28-லிருந்து 33 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் எல்லா வேலையும் ஒழுங்கா நடக்கும். ரொம்பக் குறைஞ்சா இரை செரிக்காது. விழுங்கின எலி வயித்துக்குள்ளேயே அழுக ஆரம்பிச்சு, பாம்பு அதைக் கக்கிடும். ஏறிப்போச்சுன்னா இன்னும் மோசம். 40-ஐத் தாண்டினா பல பாம்புகளுக்கு உயிருக்கே ஆபத்து. இப்போ ஒரு எண்ணைப் பாருங்க. 2003 மே 31-ஆம் தேதி சென்னையில் பதிவான வெப்பம் 45 டிகிரி. அதுவும் நிழலில் அளந்த காற்றின் சூடு. நம்ம ஊர் வெயில் நம்ம ஊர் பாம்பையே கொன்னுடும்ங்கறதுதான் விஷயம்.

*

இந்த விஷயம் ஏன் ரொம்ப நாள் யாருக்கும் பெரிசாப் படலைன்னா, பாம்பை வெச்சுப் பராமரிக்கறதைப் பத்தி முதல்ல எழுதி வெச்சவங்க எல்லாம் குளிர் நாட்டுக்காரங்க. அவங்க பிரச்சினையே வேற.

பொதுமக்கள் பார்க்கறதுக்காக ஊர்வனவற்றுக்குன்னு தனிக் கட்டிடம் உலகத்திலேயே முதலில் திறந்தது லண்டன் விலங்குக் காட்சிசாலையில், 1849-ல். லண்டன் குளிர்ல வெப்பமண்டலப் பாம்பு எப்படிப் பிழைக்கும்? கம்பளி கொடுத்தாங்க! நிஜமாத்தாங்க. பெரிய பாம்புகளுக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளிப் போர்வை. 1851-ல் ஒரு போவா பாம்பு தன் போர்வையையே விழுங்கிடுச்சு. ஒரு மாசத்துக்கு மேல வயித்துல வெச்சிருந்து அப்புறம் கக்கிச்சு. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. தனக்குள்ளே சூடே உற்பத்தி பண்ணாத பிராணிக்குக் கம்பளி போர்த்தி என்ன பிரயோஜனம்னு கேட்கத் தோணும். கம்பளி சூட்டைத் தராது, இருக்கிற சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான் செய்யும். ஆனா மனுஷனுக்குக் குளிர்ல எது சுகமோ அதுதான் பாம்புக்கும்னு நினைச்சாங்க.

இதை மாத்தினது ஒரு பெண்மணி. ஜோன் ப்ராக்டர் (1897-1931). லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனவற்றின் பொறுப்பாளர். சின்ன வயசிலிருந்தே உடம்பு முடியாதவர், 34 வயசிலேயே இறந்துட்டார். அதுக்குள்ள அவர் திட்டமிட்டு, 1927-ல் திறந்த புதுக் கட்டிடம் ஒரு திருப்பம். கூண்டு முழுக்க ஒரே சூடு என்பதை விட்டுட்டு, அங்கங்கே மின்சாரத்தால் சூடு கொடுத்தாங்க. ஒரே கூண்டுக்குள்ள சூடு அதிகமான இடமும் உண்டு, குறைவான இடமும் உண்டு. எங்கே படுக்கணும்ங்கறதைப் பாம்பே முடிவு பண்ணிக்கலாம்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. மொத்தப் பதிவும் இதைச் சுத்தித்தான்.

*

லண்டன்ல சூட்டை எப்படிக் கொடுக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்த அதே காலத்துல, அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பாலைவனத்துல சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாங்க. பாலைவனப் பாம்பு எவ்வளவு வெயில் தாங்கும்? எல்லோரும் எதிர்பார்த்த பதில் "எவ்வளவு வேணும்னாலும்". வால்டர் மொசாவர்னு ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் 1930-களின் ஆரம்பத்தில் பாலைவனப் பாம்புகளை நேர் வெயிலில் விட்டுப் பார்த்தார். சில நிமிஷத்துல செத்துப் போச்சு. பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த பாம்புங்க! 1933-ல் இதைக் கட்டுரையாவே வெளியிட்டார்.

அப்போ அதுங்க பாலைவனத்துல எப்படி உயிர் வாழுது? அதை உட்கார்ந்து அளந்தவங்க ரேமண்ட் கௌல்ஸும் சார்லஸ் போகர்ட்டும். வெளியிலேயே வேலி போட்டு, அதுக்குள்ள பல்லிகளையும் பாம்புகளையும் விட்டு, ஒவ்வொண்ணும் எந்தச் சூட்டில் வெளியே வருது, எந்தச் சூட்டில் நிழலுக்கு ஓடுது, எந்தச் சூட்டில் சுருண்டு விழுதுன்னு உடம்புச் சூட்டையே அளந்து குறிச்சாங்க. 1944-ல் வந்த அவங்க ஆய்வறிக்கை இந்தத் துறைக்கே அஸ்திவாரம். அதன் சாரம் ரொம்ப எளிமையானது. பாலைவனப் பாம்பு வெயிலைத் தாங்கறதில்லை. வெயிலிலிருந்து தப்பிக்குது. பக்கவாட்டில் வளைஞ்சு வளைஞ்சு மணல்ல ஓடுமே, அந்தப் பாலைவன விரியனுக்குக் கூட உடம்புச் சூடு 41-42 டிகிரியை நெருங்கினா கதை முடிஞ்சது. பகல் பூராவும் அது பொந்துக்குள்ளேயோ மணலுக்குள்ளே புதைஞ்சோ கிடக்கும். ராத்திரிதான் வெளியே.

அந்த அறிக்கையில் எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க கொடுத்த ஒரு வரையறை. ஒரு பிராணியின் வெப்ப எல்லை எதுன்னு சொல்லும்போது, அது சாகற புள்ளியைச் சொல்லலை. நகர முடியாம தடுமாறிப் போய், தன்னைக் கொல்லப் போகும் சூட்டிலிருந்து விலகிப் போற சக்தியை அது இழக்கிற புள்ளிதான் எல்லைன்னு சொன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா இது எவ்வளவு சரி! தப்பிக்க வழியே இல்லாத பெட்டியில் அடைச்ச பாம்பு, அந்த எல்லைக்கு ஏற்கெனவே பாதி தூரம் வந்துட்ட பாம்பு.

இன்னொரு சுவாரசியம். இந்த கௌல்ஸ் பிறந்து வளர்ந்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில். நம்ம உடும்புக்குப் பங்காளியான நைல் உடும்பைப் பத்தி அவர் முன்னாடியே ஆராய்ச்சி பண்ணியிருந்தார். அது தன் முட்டைகளைக் கறையான் புற்றைத் தோண்டி உள்ளே வைக்கும். கறையான் ஓட்டையை அடைச்சுடும். வெளியே குளிரோ வெயிலோ, உள்ளே ஒரே சீரான சூடு, ஈரம். அடைகாக்கும் வேலையைக் கறையான் பார்த்துக்கும்.

*

புற்றுன்னு சொன்னவுடனே நமக்கு மஞ்சளும் குங்குமமும் ஞாபகம் வரும். பாம்பு புற்றைக் கட்டறதில்லை, கறையான் கட்டறது. அது விட்டுட்டுப் போன புற்றிலோ எலி வளையிலோதான் பாம்பு குடியிருக்கும். "கறையான் புற்றெடுக்க பாம்பு குடிபுகுந்த மாதிரி"ன்னு பழமொழியே இருக்கே. அடுத்தவன் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடறவனைத் திட்டறதுக்குத்தான் அதைச் சொல்றோம். ஆனா பாம்பு ஏன் குடிபுகுதுன்னு கேட்டா, கணக்கு அருமையா இருக்கு.

மே மாசம் மதியம் நம்ம ஊர் வெறுந்தரை மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைக் கூடத் தொடும். செருப்பில்லாம நடந்தவங்களுக்குத் தெரியும். ஆனா மண் சூட்டை மெதுவாத்தான் கீழே கடத்தும். பகலில் கீழே இறங்க ஆரம்பிக்கிற சூடு பாதி வழி போறதுக்குள்ள ராத்திரி வந்துடும். அதனால ஒரு அடி ஆழத்தில் பகல்-இரவு வித்தியாசம் கிட்டத்தட்ட அடங்கிடும். இன்னும் ஆழமாப் போனா கோடை-குளிர் வித்தியாசமும் குறைஞ்சு, அந்த ஊரின் வருஷச் சராசரி வெப்பத்தை ஒட்டியே மண் இருக்கும். சென்னையின் வருஷச் சராசரி 28-29 டிகிரி.

மேலே பாம்புக்கு ஏத்த சூடுன்னு நான் சொன்ன எண் ஞாபகம் இருக்கா? 28-லிருந்து 33.

அதாவது நம்ம ஊர்ல தரைக்கு மேலே சூடு 45 ஆனாலும், தரைக்குக் கீழே பாம்புக்கான வீடு எந்தச் செலவும் இல்லாம தயாரா இருக்கு. லண்டன்காரன் மின்சாரம் செலவழிச்சு உண்டாக்கணும். நாம அது கெடாம பார்த்துக்கிட்டாப் போதும்.

*

வெப்ப நாடுகளில் பாம்பை வெச்சிருந்தவங்க இதை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாக் கண்டுபிடிச்சாங்க.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் வீடா என்ற ஊரில் ஒரு மலைப்பாம்புக் கோயில் இருக்கு. சின்ன, சாதுவான, பயந்தா பந்து மாதிரி சுருட்டிக்கற இனம். இன்னிக்கு உலகம் முழுக்கச் செல்லப்பிராணியா விக்கிற "பால் பைத்தான்" இதுதான். கோயில் பாம்புகளை ராத்திரி வெளியே விட்டுடுவாங்க, அதுங்க ஊருக்குள்ள போய் இரை தேடிக்கும். வழி தவறி யார் வீட்டுக்காவது வந்தா மரியாதையா எடுத்துட்டு வந்து கோயிலில் விடுவாங்க. அடைச்சு வைக்காததால் சூட்டுப் பிரச்சினையே இல்லை.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 1901-ல் தொடங்கின புட்டான்டான் நிறுவனம் பாம்புக்கடி மருந்துக்காகப் பாம்புகளை வெச்சது. திறந்தவெளி, சுத்தி நீர் நிறைஞ்ச அகழி, நடுவில் புல்தரையில் வரிசையாச் சின்னச் சின்ன அரைக்கோள வீடுகள். படத்தைப் பார்த்தால் நமக்குப் புற்று ஞாபகம்தான் வரும். வெயில் வேணும்னா புல்லில் படு, வேண்டாம்னா உள்ளே போ. 1923-ல் பாங்காக்கிலும் ராணி சவோவபா பெயரிலான நிறுவனத்தில் பாம்புப் பண்ணை திறந்தாங்க.

இதுக்கு நேர் எதிர் நம்ம பாம்பாட்டிகளின் பிரம்புக் கூடை. தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போறதுக்கு வசதி. ஆனா மண்ணும் இல்லை, ஆழமும் இல்லை, தண்ணியும் இல்லை. அடைச்சுவெச்ச கூடையோட வெயிலில் அலைஞ்ச பாம்பு உடம்புத் தண்ணியெல்லாம் வத்திப் போய், கடைசியில் முன்னாடி எது வெச்சாலும் குடிக்கும். வடக்கே நாகபஞ்சமி அன்னிக்குப் பாம்பு பால் குடிக்கிற அதிசயத்தின் ரகசியம் இதுதான். பக்தியில் குடிக்கலை, தாகத்தில் குடிக்குது.

*

இப்போ நம்ம ஊர்க் கதைக்கு வரேன்.

ரோமுலஸ் விட்டேக்கர் 1969-ல் சென்னைக்குப் பக்கத்தில் சேலையூரில் ஒரு சின்னப் பாம்புப் பண்ணையை ஆரம்பிச்சார். 1972-ல் அது கிண்டிக்கு இடம் மாறுச்சு. சின்ன வயசில் ஸ்கூல் டூர் போய்ப் பார்த்திருப்பீங்களே, அதே பண்ணைதான். இதில் அவருக்குக் கூட இருந்தவங்க, கத்துக் கொடுத்தவங்க இருளர்கள். செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த இருளர்களுக்குப் பாம்பு பிடிக்கிறது தலைமுறைத் தொழில். ஒரு கடப்பாரையும் கண்ணும் போதும். வரப்பில் ஒரு வளையைப் பார்த்து, வாசல்ல தடம் எப்படி இருக்கு, உள்ளே இருக்கறது எலியா பாம்பா, எந்தப் பாம்புன்னு சொல்வாங்க.

ஆனா அந்தத் தொழில் அன்னிக்கு எதுக்காக நடந்தது? தோலுக்காக. தோல் வியாபாரி பாம்பை உயிரோட வெச்சுக்கணும்னு கவலைப்பட வேண்டியதே இல்லை. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்னுபோச்சு. பாம்புக்கு நல்ல சேதி. நிலம் நீச்சு எதுவும் இல்லாத இருளர் குடும்பங்களுக்கு ஒரே ராத்திரியில் வயித்துப் பிழைப்பு குற்றமாயிடுச்சு.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1978-ல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் போற வழியில் வடநெம்மேலியில், 1976-ல் தொடங்கின முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளே அவங்க நஞ்சு எடுக்கிற இடம் அமைஞ்சது. யோசனை இதுதான்: பாம்பைக் கொல்லாம பிடிக்கணும், சில வாரம் வெச்சு நஞ்சு எடுக்கணும், திரும்பக் காட்டில் விட்டுடணும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்னு நாலே வகை. வனத்துறை அனுமதிக்கிற எண்ணிக்கை மட்டும்தான். ஒரு பாம்பு மூணு நாலு வாரம் இருக்கும், வாரத்துக்கு ஒரு தடவை நஞ்சு எடுப்பாங்க. விடறதுக்கு முன்னாடி வயித்துச் செதிலில் சின்னதா ஒரு வெட்டு அடையாளம். சில தடவை சட்டை உரிக்கிற வரைக்கும் அது தெரியும். அதே பாம்பு உடனே மறுபடியும் வந்துடாம இருக்க அந்த ஏற்பாடு.

இங்கே கவனிங்க. முதல் முறையா, பாம்பு பிடிக்கிறவருக்குப் பாம்பு உயிரோட இருக்கறதில்தான் வருமானம். செத்த பாம்பு அடுத்த வாரம் நஞ்சு தராது. சித்திரை, வைகாசியிலும் தரணும். ஆயிரக்கணக்கான பாம்புகள், கோடை, பணம் இல்லாத ஒரு சங்கம். எதில் வைப்பது?

மண்பானையில் வெச்சாங்க.

குயவர்கிட்ட வாங்கற சாதாரண வாயகன்ற பானை. பாதி அளவுக்கு மணல். ஒரு பானைக்கு ரெண்டு பாம்பு. வாயில் பருத்தித் துணியைப் போட்டு வேடு கட்டி, கயித்தால இறுக்கிடுவாங்க. மேலே கூரை போட்ட, தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமா இறக்கிக் கட்டின இடத்தில் வரிசை வரிசையாப் பானைகள். பார்க்கிறவங்களுக்கு முதல்ல, "என்னடா இது, இவ்வளவு விஷமுள்ள பாம்பை இப்படிப் பானையில் வெச்சிருக்காங்களே"ன்னுதான் தோணும். வசதி இல்லாததால் இப்படின்னு ஒரு பரிதாபம் கூட வரலாம்.

பரிதாபப்பட ஒண்ணும் இல்லை. ஒவ்வொண்ணா எண்ணிப் பாருங்க.

கூரை, நேர் வெயிலைத் தடுக்குது. பள்ளம், தரையின் சீரான சூட்டைப் பக்கத்தில் கொண்டுவருது. தடிச்ச மண் சுவரும் பாதிப் பானை மணலும் சேர்ந்து, வெளியே சூடு ஏறினாலும் உள்ளே உடனே ஏறாம இழுத்துப் பிடிக்குது. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கறதால் ஈரம் மெதுவா வெளியே கசிஞ்சு ஆவியாகும். நம்ம தண்ணிப் பானை குளிர்றது இப்படித்தானே. (கடலோரக் காத்தில் ஏற்கெனவே ஈரம் அதிகம்ங்கறதால் இந்தக் கடைசி விஷயம் உள்நாட்டு அளவுக்கு வேலை செய்யாது. ஆனா கடலோரத்துக்குக் கடல்காத்து உண்டு!) துணி மூடி காத்தை விடும், பாம்பை விடாது. இருட்டா இருக்கறதால் பாம்பு மிரண்டு மோதிக்காது. மணல் கழிவை உறிஞ்சும், அழுக்கானா கொட்டிட்டு வேற நிரப்பலாம். ரொம்ப ஈரமா வெச்சாலும் பாம்புக்குத் தோலில் கொப்புளம் வரும். மணல் தேங்க விடாது.

எல்லாத்தையும் கூட்டினா என்ன வருது? அது ஒரு எலி வளை. தூக்கிட்டுப் போகக்கூடிய, எண்ணி அடுக்கி வைக்கக்கூடிய எலி வளை. கௌல்ஸும் போகர்ட்டும் வேலி போட்டு அளந்து சொன்னதை, தினமும் கடப்பாரையால் வளையைத் தோண்டிக் கையை விட்டுப் பார்த்தவங்க கையாலேயே தெரிஞ்சு வெச்சிருந்தாங்கன்னுதான் நான் சொல்வேன். பாம்பு எந்த ஆழத்தில் படுத்திருக்கும்னு தெரிஞ்சவனுக்கு அது எந்தச் சூட்டைத் தேடுதுன்னும் தெரியும். அவன் அதை டிகிரியில் சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.

இந்த அறிவு எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு ஒரு உதாரணம். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், அங்கே பெருகித் தொல்லை கொடுத்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களைக் கூப்பிட்டாங்க. கீ லார்கோ தீவில் ஒரு பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள்ளே இருந்து மட்டும் நாலு மலைப்பாம்பைப் பிடிச்சாங்க. பாஷை தெரியாத ஊர், பழக்கமில்லாத பாம்பு. ஆனா பாம்பு எங்கே போய்ப் பதுங்கும்ங்கற கணக்கு எல்லா ஊரிலும் ஒண்ணுதானே. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது.

*

பானையைப் பத்தி இவ்வளவு உருகறதால் அதில் குறையே இல்லைன்னு அர்த்தம் இல்லை. பானைக்குள்ளே பாம்புக்குத் தேர்வு கிடையாது. சூடான மூலை, குளிர்ந்த மூலைன்னு ஜோன் ப்ராக்டர் கொடுத்த சுதந்திரம் இல்லை. மூணு நாலு வாரத்துக்கு மட்டும்ங்கறதால்தான் அது சரியா வருது, வருஷக்கணக்கில் வைக்க அது வீடு இல்லை. பாம்புக்கடி மருந்துத் தயாரிப்பு பத்தின உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும், காட்டிலிருந்து பிடிச்சு நஞ்செடுத்துத் திரும்ப விடறதைவிட, பாம்புகளை நிரந்தரமா வெச்சு, தனித்தனியாப் பராமரிச்சு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி நஞ்செடுக்கணும்னுதான் சொல்லுது. ஒவ்வொரு பாம்பின் ஆரோக்கியமும் வரலாறும் தெரிஞ்சாத்தான் நஞ்சின் தரம் நிச்சயம்ங்கறது நியாயமான வாதம். போதாக்குறைக்கு, ஒரே வகைப் பாம்பின் நஞ்சே ஊருக்கு ஊர் மாறும். செங்கல்பட்டு வட்டாரத்து நஞ்சில் செஞ்ச மருந்து ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ கடிபட்டவருக்கு அதே அளவு கேட்காதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. அதனால பல மாநிலங்களிலும் பாம்புக் கூடங்கள் வரத்தான் வேணும்.

இது விளையாட்டு விஷயம் இல்லைங்க. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததா 2020-ல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. அவங்களுக்கான மருந்துக்குப் போற நஞ்சில் மிகப் பெரும் பங்கு இந்தப் பானைகளிலிருந்துதான் வந்திருக்கு. பானைக்குள்ளே ஒரு கோடையில் பாம்பு சாகாம இருக்கறதுக்கும், எங்கேயோ ஒரு வயலில் கடிபட்டவர் பிழைக்கறதுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

புதுசா வரப்போற கூடங்களுக்கு என் மாதிரி ஆளுங்க யோசனை சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு கேக்கத் தோணுது. ஏசி போட்ட கூடத்தில் கரண்ட் போனா? 2016 டிசம்பரில் வர்தா புயல் அடிச்சப்போ சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அது டிசம்பர், தப்பிச்சோம். மே மாசத்தில் அப்படி ஆச்சுன்னா கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பாம்புக்கு எவ்வளவு நேரம்? கட்டிடத்தைப் பாதி தரைக்குள்ளே இறக்கு, சுவரைத் தடிமனாக் கட்டு, பெட்டிக்குள்ளே பதுங்க ஒரு மண்சட்டியாவது கவிழ்த்து வை. பானை சொல்லித் தர்ற பாடம் இதுதான். இயந்திரம் நின்னாலும் பாம்பு பிழைக்கணும்.

*

இப்போ நம்ம வீட்டுப் பக்கம். வெளிநாட்டுப் பாம்புகளை, முக்கியமா முன்னாடி சொன்ன பால் பைத்தானை, வளர்க்கிறவங்க நம்ம ஊர்களிலும் இருக்காங்க. 2022-ல் திருத்தின சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் இதுக்குப் பதிவு கட்டாயம்னு சொல்லுது. இவங்க படிக்கிற வளர்ப்புக் குறிப்பெல்லாம் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எழுதினது. ஹீட்டிங் பேட் வாங்கு, விளக்கு மாட்டு, சூடு பண்ணு. மதுரையில் மே மாசத்தில் அதை அப்படியே செஞ்சா பாம்பை வாட்டி எடுத்த மாதிரிதான். "ஆப்பிரிக்கப் பாம்புதானே, தாங்கும்"ன்னு சொல்றவங்களுக்கு: அது ஆப்பிரிக்காவில் பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் படுத்திருக்கிற பாம்பு. நம்ம ஊர்ல அதுக்கு வேண்டியது குளிர்ந்த மூலை. ஒரு பக்கம் 32 டிகிரி இருந்தா இன்னொரு பக்கம் 26-27 இருக்கணும். பதுங்க மண்சட்டி, எப்பவும் தண்ணி, ஜன்னல் வெயில் படாத இடம். அறை 35-ஐத் தாண்டிடுச்சுன்னா ஏசி, இல்லேன்னா வீட்டிலேயே குளிர்ந்த அறைக்கு மாத்தறது. கண்ணாடித் தொட்டியை வெயிலில் அஞ்சு நிமிஷம் வெச்சாலும் அது அடுப்புதான். இதெல்லாம் முடியாதுன்னா வளர்க்காதீங்க. அதுவும் ஒரு நல்ல முடிவுதான்.

வளர்க்காத நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கு. வீட்டுக்குள்ளே பாம்பு வந்துட்டா, பிடிக்கிறவர் வந்து பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துட்டுப் போவார். அந்த டப்பா மதியம் ரெண்டு மணிக்கு மூடின காருக்குள்ளேயோ வண்டி டேங்க் மேலேயோ இருந்தா, "காப்பாத்தின" பாம்பு காட்டுக்குப் போய்ச் சேரும் முன்னாடியே செத்துடலாம். துணிப்பையில் போட்டு, நிழலில் வெச்சு, சீக்கிரம் கொண்டுபோகச் சொல்லுங்க. இருளர்கள் துணிப்பையில்தான் கொண்டுபோவாங்க, காரணம் இல்லாம இல்லை.

சட்டம், மருந்து, ஆராய்ச்சின்னு எவ்வளவோ பேசினாலும் கடைசியில் பாம்பு நம்மகிட்ட எதிர்பார்க்கறது ரொம்பக் கொஞ்சம். இத்தனை டிகிரின்னு நாம அதுக்கு நிர்ணயம் பண்ணித் தர வேண்டாம். அது விலகிப் போக ஒரு இடத்தை மட்டும் விட்டு வைக்கணும்.

உங்க ஊர்ல கோடையில் கால்நடைக்கோ பறவைக்கோ, ஏன், மனுஷங்களுக்கோ இந்தப் பானை மாதிரி பழைய ஏற்பாடுகள் ஏதாவது இருந்தா பின்னூட்டத்தில் எழுதுங்க. சேர்த்து வெச்சு இன்னொரு பதிவு போட்டுடலாம்.